தமிழ் பேசாத ரேடியோ

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு மலையாளம் மட்டும்தான் தெரியும் என்று பாறசாலைச் சந்தை வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. திருவனந்தபுரம் நிலையம் ஏதோ ஒரு மாதிரி காதில் விழும். முள்ளைத் திருச்சிப் பக்கம் திருப்பினால் போதும், உர்ரென்று ஓர் உறுமல் கிளம்பும். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவன் வீட்டு ரேடியோ இப்படி ஆனது சிலருக்குப் பெரிய விருந்தாகப் போய்விட்டது. சிரித்தவர்களில் ஒருவராவது எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த உறுமலைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தைக்குப் போய்ப் பேசியிருக்க மாட்டார்கள்.

கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒன்று, சத்தியபாய் என்கிற நான். மற்றது என் மாமியார் ரத்னபாய். ரேடியோவை வாங்கியவர் என் வீட்டுக்காரர் ஜெயசிங். அவர் ஜன்னலுக்கு வெளியே, தென்னை மூட்டில், தன் அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். மிஷன் கோவிலில் பெரிய கல்லறைத் தோட்டம் இருந்தாலும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உள்ளவர்கள் தங்கள் ஆட்களைத் தங்கள் விளையிலேயே வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

முந்தின வருஷம் ஆடியில், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று மார்த்தாண்டத்தில் கூடிய கூட்டத்தின்மேல் போலீசார் சுட்டபோது இவரும் அந்தக் கூட்டத்தில் நின்றார். அன்றைக்கு ஓடியவர் கள்ளிக்காட்டுக்கு மேலே மலையில் ஒளிந்து கிடந்தார். வழக்குகளைத் தள்ளுகிறார்கள் என்று சேதி வந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினார். போலீசார் விட்டுவிட்டார்கள், மலைக்காய்ச்சல் விடவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள், வயிற்றில் கட்டி. அந்த நிலையிலும் மனுஷன் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறி, ஒரு ரேடியோவோடு வந்து இறங்கினார். நான் வாயில் வந்தபடி ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் துடைத்தார்.

டெல்லியிலிருந்து வந்த கமிஷன் எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்துக்கு என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்த முடிவைத் தன் வீட்டில் உட்கார்ந்து தமிழில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. கடைக்காரர் சோமன் மலையாளி. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா எங்கேயும் போகாது, கேரளத்தில்தான் இருக்கும் என்று நம்பியவர். இரண்டு பேரும் கடையில் நின்று வாய் ஓயும் வரை வழக்கடித்துவிட்டு, கடைசியில் தோளில் கை போட்டு டீ குடித்தார்களாம். இந்தப் பெட்டிக்கு ஒரு வருஷம் காரண்டி உண்டு, உங்கள் தமிழ்நாட்டுக்குக் காரண்டி சொல்ல நான் ஆளில்லை என்று சோமன் கேலி செய்தாராம். இதை இவர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பக்கம் கரண்டு வரவில்லை. அது பாட்டரியில் ஓடுகிற செட். மோகனன் என்ற மெக்கானிக் வந்து தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே ஒரு கம்பியை உயரத்தில் கட்டினான். இன்னொரு கம்பியை ஜன்னல் வழியே வெளியே கொண்டுபோய், ஓர் இரும்புக் குழாயோடு சேர்த்துத் தென்னை மூட்டில் அடித்து இறக்கினான். அது எதற்கென்று நான் கேட்டபோது இவர், இடி விழாமல் இருக்க என்று சொன்னார். எனக்கு விளக்கம் சொல்லிப் புரிய வைப்பதற்கு அவருக்குப் பொறுமை இருந்ததில்லை. காலையில் வாய் கொப்பளிக்கிற தண்ணீரை அந்தக் குழாய் மூட்டில்தான் துப்புவார். குளித்து மிஞ்சிய தண்ணீரையும் அங்கேதான் கொட்டுவார். காய்ச்சல்காரரின் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி முடிவதற்குள் அவர் எழுந்திருக்க முடியாமல் ஆனார். ஒரு நாள் சாயங்காலம் என்னையும் மாமியையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நியூஸ் வரும்போ நான் இல்லேன்னா வந்து சொல்லணும். நல்லதானாலும் கெட்டதானாலும் சொல்லணும். தமிழ்ல கேட்டுச் சொல்லணும், கேட்டியா.”

சொல்லுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். மாமியும் சொன்னாள். அந்த வாரமே போய்விட்டார்.

குழி வெட்ட வந்த சொந்தக்காரர்களுக்கு அந்த இரும்புக் குழாய் குறுக்கே நின்றது. பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். மண்ணை மூடிய பிறகு, இடி விழாமல் இருக்க ஜெயசிங் வைத்த கம்பி என்று யாரோ ஞாபகப்படுத்த, மண் இளகிக் கிடந்த இடத்திலேயே அதைத் திரும்ப அடித்து வைத்தார்கள். அது அவருடைய தலைமாடு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் தூக்கம் வராது.

மாமி மேட்டைச் சுற்றிச் செவந்தி நட்டாள். தினமும் சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே வந்து அவள் கை துடைக்கும் நேரத்தில் நான் ரேடியோவைப் போடுவேன். திருச்சி பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலக் கேட்கும். பகலில் அப்படி இல்லை, மங்கலாகத்தான் வரும். மகன் சாயங்காலம் எழுந்து நம்மோடு கேட்கிறான் என்று மாமி சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார மனம் வந்ததில்லை.

ஆவணியில் கல்லறை கட்டினோம். கொத்தனார் செவந்தியைப் பிடுங்கிவிட்டு, மேட்டை அணைத்துச் செங்கல் வைத்து, மேலே வழவழவென்று சிமெண்டு பூசினார். குழாயை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, அவன் வைத்தது இருக்கட்டும் என்று மாமி சொல்லிவிட்டாள். அதைச் சுற்றியும் பூசினார். செடி இல்லை, தண்ணீர் ஊற்றும் வேலையும் நின்றது. மழையும் அந்த வருஷம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாலைந்து நாளில் ரேடியோவில் தமிழ் மங்கியது. பிறகு உறுமல்.

அது வெறும் இரைச்சலாக இருந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். உறுமல் ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும். நின்ற இடத்தில் தூரத்தில் யாரோ தமிழில் ஏதோ சொல்லத் தொடங்குவார்கள், உடனே அமுங்கிவிடும். காய்ச்சல் முற்றிய கடைசி நாட்களில் அவர் மூச்சு இப்படித்தான் ஏறி இறங்கியது. எனக்கு அது தெரிந்தது. மாமிக்கும் தெரிந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஒரு நாள் அவள் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“அவனுக்க வாய அடச்சாச்சு பிள்ளே. சிமெண்டு போட்டு நாமதான் அடச்சோம்.”

மறுநாள் நான் கிணற்றடியில் இருந்து வந்தபோது மாமி கடப்பாரையோடு கல்லறைக்குப் பக்கத்தில் நின்றாள். பிடுங்கி வாங்குவதற்குள் என் கை தோல் உரிந்துவிட்டது. ரேடியோவுக்குத்தான் கேடு, அதற்குக் காரண்டி இருக்கிறது, கமிஷன் முடிவு வருவதற்குள் சரியாக்கிக்கொண்டு வருகிறேன் என்று சத்தியம் செய்து அவளை உள்ளே கூட்டிவந்தேன். இனி ரேடியோ சரியாகாவிட்டால் கல்லறை உடையும். நான் அவருக்குக் கொடுத்த வாக்கும் அதோடு போகும்.

காரண்டிக் கடுதாசியை ஜம்பருக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் நெய்யாற்றின்கரை போனேன். போகும் வழியெல்லாம் சோமனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். தமிழனுக்குத் தமிழ் கேட்காத செட்டாகப் பார்த்துத் தலையில் கட்டியிருக்கிறார் என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. கடைக்குள் நுழைந்து அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை. கடுதாசியைப் பார்த்துவிட்டு, “வாங்ஙின ஆளு எவிடே? அவரு வந்து ஒப்பிடணும்” என்றார். காரண்டியில் ரிப்பேர் செய்ய வேண்டுமானால் வாங்கியவர் கையெழுத்து கம்பெனிக்குப் போக வேண்டுமாம்.

நான் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

“ஞான் அறிஞ்சில்ல பெங்ஙளே,” என்று கூடப்பிறந்தவளிடம் சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை.

பெட்டியை வாங்கி மேசையில் வைத்துக் கம்பிகளை மாட்டினார். திருச்சி கணீரென்று பேசியது. நாதஸ்வரம்கூடக் கேட்டது. மோகனன் பின்பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வால்வாகப் பார்த்துவிட்டு, ஒரு கேடும் இல்லை என்றான். எனக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. புதுப் பாட்டரி ஒன்றும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினேன். உறுமியது.

இரண்டாம் தடவை போனபோதும் அதே கதை. கடையில் தமிழ், வீட்டில் உறுமல். சந்தைக்காரர்கள் சொல்வது போல மலையாளம் மட்டும் தெரிந்த பெட்டியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இது எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூச்சு முட்டுகிற பெட்டியாக இருந்தது. கேடு இல்லாத செட்டைக் காரண்டியில் எடுக்கக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று சோமன் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு அவராகவே, இது உங்களுக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தந்துவிடுகிறேன், கம்பெனியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பணம் வேண்டாம், வருகிற வாரம் கமிஷன் முடிவு வருகிறதாம், எனக்கு அது தமிழில் கேட்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோவிலில் இருந்து வரும்போது சோமன் வாசலில் நின்றார். பெட்டியை அவர் தொடவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே போகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது போன வழியே நடந்தார். சுவர், குரோட்டன் செடி, அதற்கு அப்புறம் கல்லறை. அங்கே போய்ச் சேர்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைச் சுற்றியிருந்த சிமெண்டைத் தடவிப் பார்த்தார். இங்கே முன்பு தண்ணீர் ஊற்றுவது உண்டா என்று கேட்டார். தினமும் ஊற்றினேன் என்று மாமி சொன்னாள்.

இந்தக் குழாய் இடிக்காக வைத்தது இல்லை, ரேடியோவுக்கு மண்ணின் ஈரம் கிடைப்பதற்காக வைத்தது, மண் காய்ந்தால் தூரத்து நிலையம் கேட்காது என்று அவர் மெதுவாக விளக்கினார். ஜெயசிங்கிடம் இதைச் சொல்லித்தான் அனுப்பினாராம். வாய் கொப்பளித்த தண்ணீர் எனக்கு அப்போதுதான் விளங்கியது. குழாயைப் பிடுங்கிக் கிணற்றடியில் வைத்துவிடலாம் என்று சோமன் சொன்னார். மாமி சம்மதிக்கவில்லை.

“அது அவனுக்க தலமாட்டுல நிக்குது. பிடுங்கண்டாம். அவனுக்கு வெள்ளம் வேணும், அதாக்கும் காரியம். ஒரு ஓட்டை போட்டுத் தா மக்கா.”

சோமன் என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டு உளியை வாங்கிக் குழாயை ஒட்டிச் சிமெண்டில் விரல் நுழைகிற அளவு ஓட்டை போட்டார். ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் சுருங்கியது. மாமி மூக்கு வைத்த கிண்டிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அதன் மூக்கை அந்த ஓட்டைக்குள் வைத்துச் சரித்தாள். நான் உள்ளே ஓடிப்போய் ரேடியோவைப் போட்டேன். உறுமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இருமியது. நிஜமாகவே ஒரு மனுஷன் தொண்டையைச் செருமுவது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு திருச்சி வந்தது.

சோமன் சொன்னதில் ஓர் எழுத்துகூட எனக்குச் சந்தேகம் இல்லை. மண், ஈரம், கம்பி, எல்லாம் புரிந்தது. ஆனாலும் அவர் கிடக்கிற இடத்துக்குத் தண்ணீர் போனதும் பேச்சு வந்தது. இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிவு வந்த சாயங்காலம் மாமி முன்னாடியே குடத்தையும் கிண்டியையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் திண்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் ஜன்னலை விரியத் திறந்து வைத்து, சத்தத்தைக் கூட்டினேன். செய்தி வாசிப்பவர் வேறு எந்தெந்த ராஜ்யங்களைப் பற்றியோ வாசித்துவிட்டுக் கடைசியில் திருவிதாங்கூருக்கு வந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, இந்தத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்கு. என் அம்மா வீடு விளவங்கோட்டில். எனக்குள் ஏதோ துள்ளியது. வெளியே மாமி கல்லறைமேல் கை வைத்துக்கொண்டு, “நம்ம பேரு இப்ப வரும் மக்கா,” என்று சொல்வது கேட்டது.

பேர் வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் இருக்கும் என்று வாசிப்பவர் சொல்லத் தொடங்கினார்.

மாமி கிண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து குழாயில் சுற்றியிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அறுந்து வந்தது. அந்த நொடியே என் காதுக்குப் பக்கத்தில் தமிழ் போய் உறுமல் வந்தது. நான் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே ஓடினேன். அவள் அதற்குள் குனிந்து, ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். செய்தி இன்னும் வரவில்லை, வந்த உடனே சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நல்லதானாலும் கெட்டதானாலும் சொல்லணும் என்று அவர் கேட்டார், நாம் இரண்டு பேரும் கையைப் பிடித்து ஒத்துக்கொண்டோம், நகருங்கள் மாமி, நான் சொல்கிறேன் என்று கத்தினேன். அவள் நகரவில்லை. கல்லறைக்கு முன்னால் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

“சொன்னா அவன் எங்க கிடப்பான் பிள்ளே? இந்த மண்ணுலதானே கிடக்கணும்.”

உயிரோடு இருக்கிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போகலாம், கூப்பிடு தூரம்தான். என் அம்மா வீட்டுக்கு நானே போகலாம். அவர் போக முடியாது. அறுந்த கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாமியை உள்ளே கூட்டிவந்தேன்.

மறுநாள் ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரை போனேன். வழியெல்லாம் வெடிச் சத்தம். சோமன் கடையிலும் யாரோ கொண்டுவந்து வைத்த இனிப்புப் பொட்டலம் மேசையில் இருந்தது. என்னைக் கண்டதும் அதை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். அவருக்குச் சந்தோஷமான நாள் அது. அதை என் முன்னால் மறைக்கத் தோன்றிய மனுஷனை இனித் திட்ட எனக்கு வாய் வராது.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்களே, தாருங்கள் என்றேன். இப்போதும் கேட்கவில்லையா, தண்ணீர் ஊற்றியுமா, என்று அவர் பதறினார். கம்பெனிக்கு என்ன கேடு என்று சொல்ல வேண்டுமே என்றார்.

“நல்லா கேக்குது முதலாளி. அதாக்கும் கேடு.”

அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, துணியை விலக்காமலே உள்ளே கொண்டுபோய் வைத்தார். பணத்தை எண்ணாமல் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ரேடியோ இருந்த மேசையில் அதன் அளவுக்கு ஒரு சதுரம் தூசி இல்லாமல் கிடந்தது. விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டு நின்றபோது அந்த மேசைப் பக்கத்திலிருந்து உறுமல் கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஏறியது, இறங்கியது, நடுவில் நின்றது. மாமி அடுப்படியில் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவள் கிண்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஓட்டைக்குள் மெதுவாகச் சரித்தாள்.

“ரேடியோ ரிப்பேருக்குப் போயிருக்கு மக்கா. காரண்டி உண்டு. வந்த உடனே கேட்டுச் சொல்லுதேன்.”

உறுமல் நிற்கவில்லை. அது என்னைத்தான் கேட்கிறது என்று தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் சொன்னேன்.

“அம்மை சொன்னது உள்ளதாக்கும். காரண்டி உண்டு.”

அதற்குப் பிறகுதான் நின்றது.